மாமி வாய் மூடிய கதை

திருகோணமலை மாவட்டத்தில் எங்கே தண்ணீர் தேங்கினாலும், எங்கே ஓடினாலும், அது நிலவரம் நானாவுக்குச் சொந்தக்காரத் தண்ணீர்தான். கந்தளாய்க் குளம் அவருக்குப் பெரியப்பா. வெருகல் ஆறு மச்சான். அவர் வீட்டுக்குப் பின்னால் கடல்நீர் தேங்கிக் கிடக்கும் குறிஞ்சாக்கேணிக் களப்பு தங்கச்சி. புல்மோட்டைக்கு அப்பாலுள்ள கொக்கிளாய்க் களப்பு மட்டும் மாமி. கேட்டால் தரமாட்டா, கேட்காமல் இருந்தால் மடி நிறையத் தருவா என்பது நானா சொன்ன காரணம்.

நானாவுக்கு ஐஸ் வியாபாரம். மீன் இறங்கும் துறைகளுக்கெல்லாம் சின்ன லொறியில் ஐஸ் கொண்டுபோய்ப் போடுவார். போகாத இடத்துச் சேதி தொலைபேசியில் வந்துவிடும். எல்லாவற்றையும் திரட்டி, விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போடுவார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நெலவரம். கந்தளாய்ப் பெரியப்பா திண்டுட்டுச் சரிஞ்சு கெடக்கார். விரால் மடிக்குள்ள இருக்கு, எழுப்பி எடுக்க ஏலாது. வெருகல் மச்சான் மலநாட்டு மழையக் குடிச்சிட்டு வாறார். கண் செவந்திருக்கு, கிட்டப் போகாதீங்க. தங்கச்சி இண்டைக்கு நல்ல மனசு. இறால் தாறா, சண்ட பிடிக்காம வாங்குங்க."

நான் தூண்டில் பிடித்தவனல்ல. ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் வேலை. விடியுமுன் நித்திரை கலைந்து, எதற்கென்று தெரியாமல் வீட்டுக்குள் உலாத்துகிற ஆள். நல்ல மீன் கிடைக்கும் என்று யாரோ என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே உள்துறைமுகம் இன்னும் சாம்பலாய்க் கிடக்கும். காதுக்குள் நானா பேசுவார். எங்கோ ஒரு குளம் புரண்டு படுக்கும். ஒரு ஆறு கொட்டாவி விடும். மாவட்டம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் படுத்திருந்த குடும்பம்போல ஒவ்வொருவராய் எழும்பி வரும்.

"ஏன் நானா, மீன் இல்லையெண்டு நேராச் சொன்னால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தம்பி, இல்ல எண்டு சொன்னாத் தண்ணிக்குக் கேக்கும். நாளைக்கும் இல்லாமப் போயிரும். சொந்தம் கொண்டாடினா, ஒரு வெக்கத்துக்காவது தரும்."

எங்கள் கந்தோருக்கு மாற்றலாகி வந்த கணக்காளர் பாவம். குழுவில் சேர்ந்த நாள்முதல் கந்தளாய்ப் பெரியப்பா சரிந்து கிடப்பதையே கேட்டு மனம் பொறுக்காமல், நோயாளிக்குக் கரைத்துக் கொடுக்கிற மால்ட் மாப் பேணி ஒன்று வாங்கி நானாவிடம் கொடுத்துவிட்டார். நானா மறுக்கவில்லை. மறுநாள் பதிவில், "பெரியப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு" என்றார். குரலிலும் தெம்பு தெரிந்தது.

பிறகு ஒரு வறட்சி வந்தது. கொக்கிளாய்க் களப்பு கடலோடு சேருகிற வாயில் மணல் ஏறி அடைத்துக்கொண்டது. வாய் அடைத்தால் இறால் உள்ளே வராது, அந்தப் பக்கத்துத் தொழிலும் படுத்துவிடும். நானா புல்மோட்டைத் துறையில், கச்சான் காற்றுக்குள் நின்று பதிவு போட்டார். 'கொக்கிளாய்' என்ற முதற்சொல்லைக் காற்று கொண்டுபோனது. மிச்சம் மட்டும் விம்மலோடு வந்தது.

"...மாமிட வாய் மூடிட்டு. உள்ளுக்கும் ஒண்டும் இல்ல, வெளியவும் ஒண்டும் இல்ல. இனி அல்லாஹ்தான்."

அது கைமாறிக் கைமாறி மூதூர் வரை போனது, மாமி மௌத்தாம், காலமாகிவிட்டாவாம் என்று. சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் நானாவுக்கு மெய்யாகவே ஒரு மாமி உண்டு, மனைவியின் உம்மா. குறிஞ்சாக்கேணிப் பக்கம் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் குடிபோவார். நானா குடியிருந்தது மாமியின் வளவில், மாமியின் வாய்க்கு நேர் கீழே.

நானும் கணக்காளரும் போய்ச் சேர்ந்தபோது மாமி வீட்டு ஒழுங்கையில் சாவுக்குக் கட்டும் வெள்ளைக்கொடி கட்டியாயிற்று. கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வாசலில் விளக்குமாறோடு மாமி நின்றா.

"ஆருக்கு மௌத்து?"

கதிரை இறக்கியவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒங்களுக்குத்தான், உம்மா."

"எனக்கா? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே!"

கணக்காளர் மௌத்து வீட்டுக்கென்று கொண்டுவந்த கடதாசிச் சரையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மாமிக்குக் கண் கூர்மை. "அது என்ன மகன், சீனியா? கொண்டாங்க. மௌத்தாகாட்டியும் தேத்தண்ணி குடிக்கிறதானே."

அந்நேரம் பார்த்து நானாவின் லொறி வந்தது. வெள்ளைக்கொடியைக் கண்டு, "யா அல்லாஹ், எங்கட ஒழுங்கையில ஆரு?" என்று அழுதுகொண்டே குதித்தார். யாரோ அவருடைய பதிவை அவருக்கே போட்டுக் காட்டினார்கள்.

"இது ஒங்கட வாய் இல்ல மாமி. களப்புட வாய்."

"அப்ப அதுக்கு எதுக்கு ஏன்ட பேரு?"

தீர்ப்பு வாசலிலேயே வந்தது. "மருமகன், இந்த வளவுக்குள்ள இனி நெலவரம் எண்டு ஒரு சத்தம் கேட்டா, ஐஸ் பெட்டியும் நீங்களும் ஒழுங்கையில."

நானா அடங்கிப்போனார். குழுவில் "நானா?" "நானா?" என்று கேள்விகள் குவிந்தன. செய்தி தெரியாமல் வெருகலுக்கு இறங்கியவரின் வலையை மச்சான் கொண்டுபோனார். எனக்கோ விடியற்காலைகள் வெறும் தண்ணீராகிவிட்டன. சந்தையில் நானாவைப் பிடித்து, "கந்தளாய் எப்படி?" என்றேன். சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்தக் கந்தளாய்?" என்றார். இரண்டடி போய்த் திரும்பிவந்து காதுக்குள், "பெரியப்பாவுக்குச் சளி" என்றார். கண் கலங்கியிருந்தது.

மாரி பிறந்தது. களப்பின் வாய் எப்போது மணலை உடைத்துத் திறக்கும் என்று புல்மோட்டைப் பக்கம் எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். உடைத்த உடனே போனவனுக்குத்தான் நல்ல மீன்பாடு. ஆனால் சொல்ல வேண்டியவர் சொல்ல முடியாமல் இருந்தார்.

ஒரு விடியலில் நானாவின் இலக்கத்திலிருந்து பதிவு வந்தது. முதலில் ஒரு இருமல்.

"எங்க அமத்துற? இதிலயா? ஆ... புள்ளையள், நான் மாமி கதைக்கிறன். இந்த மனுசன் கதையாம இருந்து இருந்து, இங்க மெய்யாவே மௌத்து நடந்த வீடு மாதிரி இருக்கு. எனக்குச் சோறு இறங்கல்ல. கேளுங்க. மாமி வாயத் திறந்திட்டா. ஓடுங்க!"

பின்னாலிருந்து நானாவின் குரல், "கொக்கிளாய் எண்டு சொல்லுங்க மாமி, எந்த மாமி எண்டு வெளங்காது..."

"சும்மா இருங்க. ரெண்டு மாமியுந்தான்."

அன்றிலிருந்து நிலவரம் மறுபடி வருகிறது. போன கிழமை எனக்கு மனம் சரியில்லை. நானாவின் ஐஸ் லொறியை வழியில் கண்டும் பேசாமல் போய்விட்டேன். மறுநாள் விடியப்புறம் பெரியப்பா, மச்சான், தங்கச்சி எல்லாரும் முடிந்த பிறகு நானா கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "ஓர்ஸ் ஹில் தம்பிக்கு இண்டைக்கு ஆழம் கூட. ஒருத்தரும் கல்லெறியாதீங்க. தன்பாட்டில தெளியும்."

ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன்.