பாதி புளி தேய்த்த சோழர் காசு

அழுக்கைக் காசு கொடுத்து வாங்கும் ஆள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய செப்புக்காசு சேர்ப்பது என் வியாதி. அதிலும் களிம்பு ஒரே சீராக இல்லாமல், ஒரு பாதி பச்சையும் மறுபாதி பழுப்புமாக ஏறியிருந்தால், வாங்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. (பளபளவென்று இருந்தால் அது காசே இல்லை, சட்டைப் பொத்தான்.)

அப்படி ஒரு சோழர் காசு, எங்கள் தீவிலிருந்து மெயின்லேண்ட் போனபோது கும்பகோணத்தில் கிடைத்தது. ஒரு பக்கம் நிற்கிற உருவம். அதன் இடுப்புவரை பச்சை, கீழே டீத்தூள் நிறம். ஆற்று மணலில் பாதி புதைந்து பல நூறு வருஷம் கிடந்தால்தான் அப்படி ஆகும் என்று நானாக ஒரு சித்தாந்தம் வைத்திருந்தேன். எனக்கு வேலை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில்; அங்கே உட்கார்ந்து கப்பல் டிக்கெட் கொடுக்கும்போதும் அது என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

குட்வில் எஸ்டேட்டுக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் இருந்தது. காசைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பெண் டீ கொடுத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடிக்கவேண்டுமே என்ற பதற்றத்தில் காசை எடுத்து அவள் அப்பாவிடம் நீட்டினேன்.

அவர் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மரியாதைக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த வெற்றிலைத் தட்டில் வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிறக் களிம்பின் மகிமையைப் பேச ஆரம்பித்தேன். (கண்ணை மூடியதுதான் தப்பு.) தட்டை எடுக்க வந்த பெண்ணின் அம்மா, அது மாப்பிள்ளை வீட்டார் சகுனத்துக்கு வைத்த காசு என்று நினைத்துக்கொண்டார். களிம்பேறிய செம்பை யார் சாமி முன்னால் வைப்பார்கள்? தட்டோடு உள்ளே கொண்டுபோய்விட்டார்.

சமையலறையிலிருந்து சரசரவென்று தேய்க்கும் சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தால் தட்டைக் காணோம். பெண் பார்க்கப் போன வீட்டில் சமையலறைக்குள் ஓடிய முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அந்த அம்மாள் கையில் புளியும் உப்பும். நிற்கிற உருவம் செக்கச்செவேலென்று மின்னியது. மறுபக்கம் மட்டும் தப்பித்திருந்தது.

"கந்தாவா, ஒரே அழுக்கா இருந்திச்சு தம்பி. சாஃப் பண்ணி சாமிகிட்ட வைக்கலாம்னு பாத்தேன்."

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. மீசை வைத்த ஆள், விசும்பி விசும்பி அழுதேன். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த பெண்ணின் அப்பா முகம் கறுத்துவிட்டது. இவனுக்கா பெண் கொடுப்பது என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது. என் மானத்தோடு சம்பந்தமும் கப்பலேறியது.

அப்போது பெண் வந்து காசை வாங்கினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு கலரா இருந்தாத்தானே உங்களுக்குப் புடிக்கும்? இப்பவும் ரெண்டு கலர்தானே இருக்கு?"

முதலில் சிரித்தது அவள் அப்பா. அழுதுகொண்டே நானும் சிரித்தேன். அதன்பிறகு தேதி குறிப்பதுதான் பாக்கி.

அந்தக் காசு இன்று எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. தீவின் உப்புக்காற்றில் தேய்த்த பக்கமும் மெல்ல நிறம் மாறிவருகிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், மனசு நிறைந்துதான் இருக்கிறது. மாமியார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், ஒவ்வொரு தடவையும், உள்ளேயிருந்து மாமனார் குரல் கேட்கும்.

"மாப்பிள்ள வந்திருக்காரு. புளிய எடுத்து மறைச்சு வை."