ஒன்பது நிமிடத்தில் அஞ்சலையின் பங்கு

மண்டி மொஹல்லா, மைசூரு
வியாழக்கிழமை

அன்புள்ள மச்சான் சித்தையனுக்கு, மாணிக்கவாசகம் வணக்கத்துடன் எழுதுவது. ஓட்டல் சாப்பாட்டில் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். நீங்களும், எட்டு நாளாக ஹனூரில் உங்களோடு இருக்கும் உங்கள் தங்கை அஞ்சலையும் நலமென நம்புகிறேன். அவள் என் போனை எடுப்பதில்லை. ஆகவே இதை வாசித்துக் காட்டவும்.

நம் திருமணத் தகவல் மையத்துக் கம்ப்யூட்டரில் ஒரு வரனைத் தேட ஒன்பது நிமிடம் ஆவதும், அஞ்சலை கண்ட பட்டனையும் தட்டுவதுதான் காரணம் என்று மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே நான் சொன்னதும், "அப்படீன்னா நீங்களே தட்டிக்கோங்க" என்று அவள் பஸ் ஏறியதும் உங்களுக்குத் தெரிந்ததே. அவள் போன பிறகும் ஒன்பது நிமிடம்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறன்று என் அக்கா மகள் ஸ்வாதி வந்தாள். சாஃப்ட்வேர் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதே அவள் உத்தியோகம். பெட்டியைத் திறப்பாளென்று நான் ஸ்க்ரூடிரைவரோடு நின்றால், அவள் உள்ளே நடப்பதைப் பதிவு செய்ய எதையோ ஓட விட்டு, "எப்பவும் போல தேடுங்க மாமா" என்றாள். தேடினேன். உள்ளே எந்த நொடியில் எது எதைக் கூப்பிட்டது, எது எதற்காகக் காத்துக் கிடந்தது, எல்லாம் லட்சம் வரிக்கு வந்து விழுந்தது. "இத முழுக்கப் படிக்கணுமா?" என்றேன். "ஸ்வல்ப இருங்க, காத்திருக்கிற இடத்த மட்டும் பாத்தாப் போதும்." பார்த்தால், தேடியது நாலே செகண்டு! மிச்ச நேரமெல்லாம் இரண்டு வைரஸ் தடுப்பான்கள் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. இது தொட்ட ஜாதகத்தை அது சோதிக்க, அது சோதித்ததை இது சந்தேகப்பட... சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் மச்சான்.

"ரெண்டாவத யாரு போட்டது?"

"யாரோ."

"போட்ட தேதி இருக்கு மாமா. போன மாசம் பத்து, மத்தியானம் மூணு மணி. அத்தை அன்னைக்கு எங்க வீட்ல இருந்தாங்க. அவங்க மேல ஏனு தப்பில்ல, ஒண்ணுமே இல்ல, போய்க் கூட்டிட்டு வாங்க."

ஒன்றை நீக்கினாள். அன்றே கேட்டு முடிப்பதற்குள் வரன் வந்து நின்றது. ஆகவே அந்த ஒன்பது நிமிடத்தில் அஞ்சலையின் பங்கு துளியும் இல்லை, முழுவதும் என்னுடையதே. சனிக்கிழமை காலை பஸ்ஸில் நானே வருகிறேன். பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, அஞ்சலைக்கு அவள் என்ன கேட்டாலும் சரி.

இப்படிக்கு,
மாணிக்கவாசகம்

பி.கு.: மெஷின் இந்த வேகத்தில் ஓடுவதைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காவலுக்கு ஒன்று போதாதென்று இன்று மத்தியானம் புதிதாக இன்னொன்று போட்டேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது தேடச் சொன்ன வரன் இன்னும் வரவில்லை. எனக்கென்னவோ அஞ்சலை வந்து ஏதாவது பட்டனைத் தட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.