தொட்டுப்பார் கப்டனும் என் கன்னமும்

எழுபதுகளின் மெல்பேர்னில் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். நான் குமாஸ்தாவாக இருந்த சின்ன விமானக் கம்பனியின் விமானி, யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் வைத்த பெயர் 'தொட்டுப்பார் கப்டன்'. கதவில் 'பெயின்ட் ஈரம்' என்று எழுதியிருந்தால் அதையும் தொடுவார். அவருடைய வெள்ளைச் சட்டைகளில் பாதியில் பச்சைப் பெயின்ட் கறை.

குளிர்காலத்துக்கென்று கம்பனியில் ஒரு படிவம் உண்டு. வெப்பநிலை மூன்று டிகிரிக்கு மேல் என்று நான் எழுதிவிட்டால், விமானத்தை மேலெழும்ப விடாத உறைபனியை இறக்கையில் தேடத் தேவையில்லை. கப்டன் படிவத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பார். "நல்ல கையெழுத்து" என்று பாராட்டுவார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, ஏணியில் ஏறி இறக்கையைத் தடவுவார். மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

"விதிப் புத்தகத்திலை இருக்கிறதை விடக் கூடச் செய்தால் ஏசுவினம். குறையச் செய்தால் ஏச்சு வாங்க நான் இருக்கமாட்டன்" என்பார் கப்டன்.

ஒரு ஜூலைக் காலை, அங்கே அது நடுக்குளிர்காலம், நானும் அவர் விமானத்தில் பயணி. பதினொரு மணிக்கு சிட்னியில் எனக்குப் பதிவுத் திருமணம். பெண்ணின் மாமா, நேரம் தவறினால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும் ரகம். அலுவலகத்தைத் திறந்ததும் தெர்மாமீட்டரைப் பார்த்து, படிவத்தில் 'ஆறு டிகிரி' என்று எழுதிவிட்டுப் புதுக் கோட்டுடன் நின்றேன்.

ஏணியிலிருந்து குரல் வந்தது. "தம்பி, இஞ்சை ஏறி வாரும்."

என் கையைப் பிடித்து இறக்கையில் வைத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கைக்குச் சொரசொரவென்றிருந்தது.

"ஒண்டும் இல்லை கப்டன்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

இரண்டு முறை சவரம் செய்திருந்த என் கன்னத்தை அவர் தடவினார். "இறக்கை இப்பிடி இருக்கவேணும். அது மூண்டு நாள் தாடியோட நிக்குது. மாப்பிள்ளையை அப்பிடி அனுப்புவமோ?"

பனி உருக்கும் திரவம் தெளித்துத் துடைத்து முடிக்க ஒரு மணி நேரம் போயிற்று. சிட்னி வரை அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். இறங்கியதும் சீருடையோடு என் டாக்ஸியில் ஏறிக்கொண்டார். பதிவு அலுவலக வாசலில் மாமா கைக்கடிகாரமும் கையுமாக நின்றார்.

"பிழை என்ரை. மாப்பிள்ளை விமானத்துக்கு நேரத்துக்கே வந்தவர்" என்றார் கப்டன். சீருடையைப் பார்த்த மாமா கைக்கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வழிவிட்டார்.

உள்ளே நடக்கும்போது கப்டன் என் காதருகே குனிந்தார். "தம்பி, ஹீட்டருக்குப் பக்கத்திலை கிடக்கிற தெர்மாமீட்டரை வெளியிலை கொழுவும். அதுக்குக் குளிராது."

வெளியே போய்ப் பார்க்கக் குளிருக்குப் பயந்து அதை உள்ளே கொண்டுவந்து மாட்டியவன் நான்தான். மெல்பேர்ன் திரும்பி அன்றைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'விமானியின் பிடிவாதம்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

இன்றும் சவரம் முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறேன். அந்த மனிதர் ஒருமுறை வந்து சரிபார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.