யாரும் வாங்காத சோப்பு

அன்பும் மரியாதையும் கலந்த மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. ஆனால் எனக்குக் காய்ச்சல். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் அழுவாள், அப்பா கத்துவார், கடைசியில் இரண்டு பேரும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

போன கடிதத்தை நீங்கள் முழுக்கப் படித்ததற்கு அடையாளமாக, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் டிக் போட்டு எனக்கே திருப்பி அனுப்பியிருந்தீர்கள். அலுவலகத்தில் கோப்பு பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று அத்தை சொன்னார். இந்தக் கடிதத்துக்கு டிக் போதாது, மாமா. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்து என்னையும் என் மெத்தையையும் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். போனில் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பள்ளியிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நெட்டை, சிக்கனம் என்று பட்டப்பெயர் வாங்கிய இருவரையும் என்னையும் கல்லூரிக்குப் பக்கத்தில் இந்த வீட்டில் குடிவைத்தது நீங்கள்தான். முதல் நாளே சமையலறையில் நின்று, "யாரு என்ன வாங்கினாங்கன்னு சண்டை வரக்கூடாதுடா" என்று சொல்லி, மளிகை லிஸ்ட் போடும் அந்த ஆப்பை எல்லார் போனிலும் ஏற்றச் சொன்னீர்கள், வேலை செய்கிறதா பார்க்க உங்கள் போனிலும் ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னீர்கள், நாங்களும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம். வேண்டியதை ஒருவன் எழுதுவான், கடைப்பக்கம் போகிறவன் வாங்கி டிக் போடுவான், உடனே அது 'வாங்கியாச்சு' என்று எல்லார் லிஸ்டிலிருந்தும் போய்விடும். இதைவிடச் சுலபமாக ஒரு குடும்பம் நடத்த முடியாது என்று நினைத்தோம்.

முதலில் சோப்பு. சிக்கனம் காலையில் எழுதினான், மத்தியானமே டிக் விழுந்தது, சாயங்காலம் குளிக்கப் போனால் சோப்பு இல்லை. அப்புறம் பால், அப்புறம் குப்பைப் பை. நான் வாங்கவில்லை, நெட்டையும் வாங்கவில்லை, அப்படியென்றால் மூன்று பேர் இருக்கிற வீட்டில் மிச்சம் யார்? பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழிக்கிறவன் அவன்தானே, செலவை மிச்சம் பிடிக்க டிக் போட்டு ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ஏன்டா, டிக் போட்டா சோப்பு தானா நடந்து வந்துடுமா?"

"சத்தியமா நான் போடலடா."

"அப்ப இந்தச் செவுரு போட்டுச்சா?"

அதோடு பேச்சு நின்றது. லிஸ்ட் மட்டும் பேசியது. 'மனசாட்சி, ஒன்று' என்று நான் எழுதினேன். ஆப் அதைக் கழிவறை பிரஷ்ஷுக்குக் கீழே, துப்புரவுச் சாமான்களில் சேர்த்தது. பத்து நிமிஷத்தில் அதற்கும் டிக். இப்போது வாராவாரம், 'மனசாட்சி தீர்ந்துவிட்டதா? மறுபடி வாங்கலாமா?' என்று கேட்கிறது. சிக்கனம் அதைப் படித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அவன் டம்ளர் இன்னும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் கவிழ்ந்து கிடக்கிறது. அதை நான் எடுத்து வைக்கவே இல்லை.

நேற்றுக் காய்ச்சல் வந்தது. நெட்டை கல்லூரியில் இருந்தான். எழுந்திருக்க முடியாமல், 'காய்ச்சல் மாத்திரை, ரொட்டி, பேச ஒரு ஆள்' என்று எழுதினேன். என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக மூன்றுக்கும் டிக் விழுந்தது. சிக்கனம்தான், வந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டேன், மாமா. படியில் யார் காலடி கேட்டாலும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இருட்டியதும் நெட்டை மட்டும் வெறுங்கையோடு வந்து, "லிஸ்ட்ல ஒண்ணுமே இல்லையேடா" என்றான். அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் என்னைக் கேலி செய்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. போர்வைக்குள் அழுதேன். இனி இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வாண்டுக்கு முத்தம். கயிறு கொண்டு வாருங்கள், மெத்தை கட்ட.

இப்படிக்கு,
உங்களை மட்டுமே நம்பியிருக்கும்
அக்கா மகன்

பி.கு.: காலையில் உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது நெட்டை என் போனை எதற்கோ நோண்டிவிட்டு, "டேய், இதுல நாலு பேரு இருக்காங்கடா" என்றான். நாலாவது ஆள் பெயர் 'மாமா'. சோப்பு, பால், குப்பைப் பை, மாத்திரை எல்லா டிக்கும், படித்ததற்கு அடையாளமாக, உங்களுடையது. மனசாட்சியைக்கூட எந்தக் கம்பெனி என்று கேட்காமல் பார்வையிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். வண்டி வேண்டாம், கயிறும் வேண்டாம். சிக்கனத்துக்குக் காலையிலிருந்து போன் செய்கிறேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா வீட்டுக்குப் போய் நீங்களே நடந்ததைச் சொல்லுங்கள், நான் போனால் கதவைத் திறக்க மாட்டான். 'பேச ஒரு ஆள்' என்று லிஸ்டில் மறுபடியும் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அதற்கு நீங்கள் டிக் போட்டுவிடாதீர்கள், மாமா. அதை அவன் போடட்டும்.