விண்கப்பலில் 'டா' ஒழிப்பு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. மரியாதையைக் கண்டுபிடித்தது எங்கள் தொலைக்காட்சி நிலையம். அதற்கான 'கண்ணியக் குழு'வின் தலைவர் அடியேன்.

எங்கள் விண்கப்பல் தொடரில் இரண்டு நடிகர்கள். ஒருவர் கப்பலின் டாக்டர். குண்டு, ஓயாத வாய். மற்றவர் தகர உடைக்குள் நிற்கும் இயந்திர மனிதன். ஆறு வருடமாக ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே இருந்தார்கள். கேமரா ஓடினாலும் அப்படித்தான், நின்றாலும் அப்படித்தான். தகர உடையைப் போட்டுவிட்டால் உட்காரவும் முடியாது, கையை மடக்கவும் முடியாது. அதனால் இடைவேளையில் டாக்டர்தான் ஸ்ட்ரா வைத்து டீ கொடுப்பார்.

"வாயக் காட்டுடா, உண்டியல்."

"சுடுதுடா, போலி டாக்டர்! ஊதிக் குடு."

நேயர்கள் இந்தக் கேலிக்காகவே தொடரைப் பார்த்து வந்தார்கள். அது அவர்களுடைய அறியாமை. ஒரே பகுதியில் முப்பத்தொரு 'டா' இருப்பதை எண்ணிப் பார்த்துக் குழு அதிர்ந்தது. ஒரு மருத்துவரை 'டா' போடுவதா? உயர் தொழில்நுட்பத்தை உண்டியல் என்பதா? மூன்று கூட்டம், ஒரு துணைக்குழு. 'டா' பணிநீக்கம் செய்யப்பட்டு, காலியான இடத்தில் 'அவர்களே' நியமிக்கப்பட்டது.

மறுநாள் கப்பலில் தீப்பிடிக்கும் காட்சி.

"இயந்திரம் அவர்களே, தங்கள் முதுகில் தீ எரிகிறது."

"தெரிவித்தமைக்கு நன்றி, மருத்துவர் அவர்களே."

எனக்குக் கண்ணில் நீர் வந்தது. ஒலிப்பதிவாளருக்கும் வந்தது, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

நான்கே வாரத்தில் கடிதங்கள் குவிந்தன. "ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" "யாராச்சும் பேசிச் சேத்து வைங்க!" மரியாதைக்கும் மனஸ்தாபத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள். நேயர்கள் பாதியாகக் குறைந்ததும் குழு அவசரமாகக் கூடி, இருவரில் ஒருவரை நீக்குவது என்று முடிவெடுத்தது. இயந்திர மனிதனின் முகம் நேயர்களுக்குத் தெரியாது என்பதால் அவரே 'ஏகமனதாக'த் தேர்வானார்.

டாக்டர் என் அறைக்கு வந்தார். அன்று அந்த ஓயாத வாயில் இரண்டே வாக்கியம்.

"அவன எடுத்துராதீங்க சார். அவன விட்டா எனக்கு வேற ஆளே கெடையாது."

"'அவன்' இல்லை, 'அவர்'" என்று திருத்தி அனுப்பினேன்.

கடைசிக் காட்சியில் இயந்திர மனிதனைச் சகல மரியாதைகளுடன் அண்டவெளியில் தள்ள வேண்டும். "தாங்கள் சென்று வரலாம்" என்பது டாக்டரின் வசனம். அவர் "போகாதடா" என்றார். பதினொரு முறை எடுத்தோம். பதினொரு முறையும் அதையேதான் சொன்னார். பன்னிரண்டாம் முறை அதையும் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் வயலின் போட்டுச் சமாளித்தோம்.

தகர உடையைக் கழற்றிவிட்டு இயந்திர நடிகர் எல்லோரிடமும் விடைபெற்றார். விளக்குக்காரரிடம், "வரேன்டா மாப்ள." ஒலிப்பதிவாளரிடம், "ஒடம்பப் பாத்துக்கடா." டாக்டரைக் கட்டிப்பிடித்து, "அழாதடா, போலி. ஊசியே போடத் தெரியாது, ஒனக்கு எதுக்கு அழுகை?"

பிறகு என் முன்னால் வந்து நின்றார். கை கூப்பினார்.

"தங்களை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன், தலைவர் அவர்களே."

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அங்கே அத்தனை பேருக்கும் என்மேல் இவ்வளவு மரியாதை இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.