கணவாய்க்குக் கிடைத்த நல்ல கண்

சிவமயம்

நெடுந்தீவு மேற்கு,
சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்.

எங்கள் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேக மலரின் ஆசிரியரும், என் மனைவிக்கு மூத்தவரும், யாழ்ப்பாணத்தில் வீடு கட்டிய பின்னும் ஊரை மறவாதவருமான மைத்துனர் கணநாதன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தபாலதிபர் பரமலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் உமது தங்கை அன்னபூரணமும் பிள்ளையாரின் காவலில் சுகமே இருக்கிறோம். உமது முழங்கால் வலியும் மச்சாளின் இருமலும் இக்கடிதம் வந்துசேர முன்னரே விலகியிருக்கும் என நம்புகிறேன். தொலைபேசியில் ஒரு கோல் எடுத்திருக்கலாமே என்று நீர் நினைப்பீர். முப்பத்தொரு வருடம் பிறத்தியாருடைய கடிதங்களைச் சேர்ப்பித்தவனுக்கு முக்கியமான விடயம் கடிதத்தில்தான் வாயைத் திறக்கும்.

விடயம் இதுதான். மலருக்கு நான் எழுதித் தந்த 'பழுதில்லாக் கண்' என்ற கட்டுரையைத் தயவுசெய்து அச்சில் ஏற்ற வேண்டாம். ஏற்றியிருந்தால் இறக்கிவிடும். அந்தப் பக்கத்தில் ஏதாவது நகைக்கடை விளம்பரம் போடும், அல்லது தர்மகர்த்தா அப்புத்துரையரின் இன்னொரு படத்தைப் போடும். ஏற்கெனவே நான்கு இருக்கின்றன, ஐந்தாவதையும் அவர் மறுக்கமாட்டார். காரணத்தைக் கேட்டால் நீர் சிரிப்பீர். ஆனாலும் முழுவதையும் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பிழை பார்க்கச் சொல்லி நீர் அனுப்பிய அச்சுப்படி வந்து சேர்ந்தது. என் மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்திருந்தபடியால், யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று உயர்தர வகுப்புப் படிக்கிற என் மகள், உமது மருமகள் பிரியவதனி வீட்டுக்கு வந்திருந்தாளே, எழுத்துப் பிழை இருந்தால் பார் பிள்ளை என்று அவளிடம் கொடுத்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அச்சுப்படி திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் சிவப்பாக இருந்தது. நான் எப்படித் தொடங்கியிருந்தேன் என்று உமக்கு நினைவிருக்கும். ஒரு கடிதம் கைக்கு வந்தால் அதை எழுதியவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும், அதுபோல் கண் என்னும் அற்புதம் இருந்தால் அதைத் திட்டமிட்டுச் செய்த பேரறிவு ஒன்று இருந்தே ஆகவேண்டும், கோடி வருடங்களில் சிறிது சிறிதாக மாறி வந்தது என்கிற கூர்ப்புக் கொள்கைக்காரர் தங்கள் கண்ணை ஒருமுறை கண்ணாடியில் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் அவள், "பெயரில்லாத மொட்டைக் கடிதங்களும் உங்களுக்கு வந்தனதானே அப்பா? அவற்றை யார் எழுதியது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?" என்று எழுதியிருந்தாள். அடுத்ததாக, "கண்ணில் நரம்பு வெளியே போகிற இடத்தில் பார்வையே இல்லை. அது குருட்டிடம். கணவாயின் கண்ணில் அது கிடையாது. அப்படியென்றால் படைத்தவருக்கு யாரில் கூடுதல் கவனம்?"

மச்சான், கணவாய் என்றால் நாங்கள் பிரட்டல் கறி வைத்துச் சாப்பிடுகிற கணவாய் மீன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"கடவுளுக்கே சிவப்புப் பேனை பிடிக்கிறியோ?" என்று கத்தினேன்.

"கடவுளுக்கு இல்லையப்பா, உங்களுக்கு," என்றாள். "நான் ஒண்டையும் மறுக்கேல்லை. வடிவா எழுதியிருக்கிறியள். ஆனா உண்மையோ எண்டுதான் கேக்கிறன்."

அதற்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். பதில் இருக்கவில்லை. பதில் இல்லாத தகப்பன்மார் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். இனி நீ அந்த உயிரியல் படிக்கத் தேவையில்லை, கலைப்பிரிவுக்கு மாறு, நாளைக்கே உன் பாடசாலை அதிபருக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். அவள் அழவில்லை. திங்கட்கிழமை காலையில் இடியப்பத்தைத் தொடாமல் முதல் படகில் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வருவாயா என்று தாய் கேட்டதற்கு, தெரியாது என்று சொன்னாளாம். எனக்குப் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை, உமக்குத் தெரியாததல்ல. அன்னபூரணம் என்னைப் பார்த்து, "அவள் வராட்டி அந்தப் பழுதில்லாக் கண்ணை வைச்சு என்னத்தைப் பாக்கப் போறியள்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் அச்சுப்படியைத் திரும்ப எடுத்தேன். அடியில் இடப்பக்கம் ஒரு கூட்டல் அடையாளமும், மூன்று அங்குலம் தள்ளி வலப்பக்கம் ஒரு கறுத்தப் பொட்டும் போட்டு, "இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டலை மட்டும் பாருங்கள். தாளை மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள்" என்று எழுதியிருந்தாள். கிட்டக் கொண்டுவந்தேன். முகத்துக்கு ஒரு அடி தூரம் வர முன்னர் பொட்டைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு ஓட்டையோ இருட்டோ இருந்திருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். வெறும் வெள்ளைத் தாள் இருந்தது, அங்கே ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை என்பதுபோல. அறுபத்து மூன்று வருடமாக என் கண்ணில் ஒரு இடம் பார்க்காமலே இருந்திருக்கிறது, அதை யாரோ எனக்குத் தெரியாமல் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது கதிரையில் இருக்கவே ஏலாமல் போய்விட்டது. எழுந்து வெளியே போனேன்.

அதற்குப் பிறகு நான்கு நாட்கள் எப்படிப் போயின என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. கடற்கரைக்குப் போய் இடக்கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தூரத்தில் நின்ற வள்ளம் ஒன்று மறைந்தது, அது நின்ற இடத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. புல்வெளியில் மேய்ந்த ஒரு கட்டைக் குதிரையை மறைத்தேன், புல் வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை, வர்ணம் பூசுகிற சாரத்தோடு சேர்த்து எங்கள் பிள்ளையார் கோபுரத்தையே மறைத்துவிட்டேன். அங்கே நீல வானம், பக்கத்தில் ஒரு கொக்கு. மகா பாவம் செய்துவிட்டேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மற்றக் கண்ணைத் திறந்தால் கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிள்ளையார் கோபித்ததாகத் தெரியவில்லை. காற்று, வெயில், மறைகிற பொருட்கள், திரும்பி வருகிற பொருட்கள். சாப்பிட மறந்தேன், கோயிற் கூட்டத்துக்குப் போக மறந்தேன். பிள்ளை வெள்ளிக்கிழமை வருமா என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

புதன்கிழமைதான் மானம் போனது. இறங்குதுறையில் அப்புத்துரையர் நின்று கும்பாபிஷேகச் சாப்பாட்டைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். அவரை மறைத்துப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை வந்தது. இந்த வித்தையில் ஒரு சங்கடம் உண்டு, மச்சான். வலப்பக்கம் நிற்பவரை மறைக்க வேண்டுமென்றால் இடப்பக்கம் நிற்பவரை ஒற்றைக் கண்ணால் விடாமல் பார்க்க வேண்டும். இடப்பக்கம் நின்றவர் மீன் விற்கிற சூசையம்மா. அப்புத்துரையரின் தலையும் சால்வையும் போய்விட்டன, வேட்டி மட்டும் நின்று கதைத்தது. அந்த ஆனந்தத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூசையம்மா தராசைக் கீழே வைத்தார்.

"என்ன தபால் ஐயா, கண்ணுக்க தூசி விழுந்திட்டுதோ? இல்லாட்டி எனக்குத்தான் கண்ணடிக்கிறியளோ? என்ர பேரனுக்குக் கலியாணம் பேசுறம் ஐயா!"

துறையே சிரித்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர முன்னர் செய்தி வந்துவிட்டது. நான் பதவியில் இருந்த காலத்தில் ஒரு தந்தியும் அந்த வேகத்தில் போனதில்லை. அன்னபூரணம் வாசலில் நின்று, "கண்ணடிக்கிறதுக்கு ஒரு வயசு வேண்டாமே?" என்றாள். பிறகு அவளையும் இருத்தி, தாளைக் காட்டி, பொட்டை மறைக்க வைத்தேன். மூன்று தரம் மறைத்துப் பார்த்தாள். "இதை அவளிட்டச் சொன்னனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை பிரியவதனியின் உயிரியல் ஆசிரியை நிலக்சனா கோல் எடுத்தார். "ஐயா, பிள்ளை வகுப்பில கூர்ப்பையும் விடுறாள் இல்லை. அரைக் கண் இருந்து என்ன பிரயோசனம், அதை ஆர் பாத்தது எண்டு கேட்டு ரெண்டு பாடவேளை போயிட்டுது," என்றார். மச்சான், அரை மணித்தியாலம் நான் மிதந்தேன். பிள்ளை எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று அன்னபூரணத்திடம் சொல்லி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துவிட்டேன். பிறகு ஆசிரியை திரும்ப எடுத்து, சொல்ல மறந்துவிட்டாராம், அடுத்த நாளே அவள் வாசிகசாலையில் தேடிப் பதிலையும் கொண்டுவந்து, வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் பிரித்தறிகிற புழுவின் கண்ணைப் பலகையில் கீறிக் காட்டினாளாம். நேர்ந்த தேங்காயை உடைத்துத்தான் ஆகவேண்டும். என்னத்துக்கென்று பிள்ளையாருக்குச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. பின்னேரப் படகுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே போய்விட்டேன். சூசையம்மாவின் பெட்டியில் கணவாய் கிடந்தது. ஒன்றைத் தரச் சொன்னேன், கண் நல்லதாகப் பார்த்து.

"வெள்ளிக்கிழமையில தபால் ஐயா கணவாய் வாங்குறார். அதுவும் கண் பாத்து!" என்று அவர் ஊருக்கே கேட்கச் சொன்னார்.

மச்ச மாமிசம் தொடாத நாளில் கோயில் மலரின் கட்டுரையாளனாகிய நான் கணவாய்ப் பையோடு துறை நடுவில் நின்றேன். பையைத் திறந்து பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. அந்தக் கண் என்னைக் குறைவாக எடை போட்டதுபோல் இருந்தது.

தூரத்தில் படகு தெரிந்தது. பழக்கதோஷத்தில் இடக்கண்ணை மூடி, இடப்பக்கத்து விளக்குக் கம்பத்தைப் பார்த்தேன். படகு மறைந்தது, கடல் நிரம்பியது. அப்போதுதான் அது நடந்தது. கண்ணைத் திறக்க எனக்குப் பயம் வந்துவிட்டது. அதில் அவள் இல்லாவிட்டால்? கடல் மிக அழகாக இருந்தது, ஒன்றுமே தொலையாததுபோல. என் பிள்ளை கேட்ட கேள்வியையும் நான் இப்படித்தான் மறைத்தேன், மறைத்த இடத்தை என் நல்ல தமிழால் நிரப்பினேன் என்று அந்தத் துறையில் நின்று விளங்கியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இயந்திரச் சத்தம் கிட்டக் கேட்டது. திறந்தேன். எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாகப் புத்தகப் பையோடு அவள் இறங்கினாள்.

"கையில என்னப்பா?"

"கணவாய்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை!"

"ஓம். நீ சொன்னது சரியோ எண்டு பாக்க வாங்கினனான்."

அவள் கையை நீட்டினாள். பையை வாங்கிக்கொண்டாள். அன்னபூரணம் வீட்டு வளவுக்குள்ளேயே விடமாட்டேன் என்றபடியால் பின்பக்கக் கல்வேலியில் பலகையை வைத்து, சவரப் பிளேட்டால் கண்ணை வெட்டினாள். கண்ணாடி மணி போன்ற உருண்டை வில்லை ஒன்று வந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து மேற்கே காட்டினேன். அதற்குள் கடல் மேலேயும் சூரியன் கீழேயும் இருந்தன. எத்தனை கோடி காலமாக இது கடலுக்குள் கிடந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. கணவாயின் கண்ணில் நரம்பு பின்னாலேயே போகிறது, எங்களுடையதில் முன்னால் ஓடி, பிறகு துளைத்துக்கொண்டு பின்னால் போகிறது, அந்தத் துளைதான் குருட்டிடம் என்று சொல்லித் தந்தாள். ஏன் அப்படி என்றேன்.

"எங்கட வீடு மாதிரியப்பா. முதல்ல ஒரு அறை. பிறகு அதை உடைக்காமல் ஒவ்வொண்டாக் கூட்டிக் கட்டினியள். இப்ப குசினிக்குப் போக சாமியறைக்குள்ளால போக வேண்டிக் கிடக்கு. ஆரும் அப்பிடி ஒரு வீட்டுக்குப் படம் கீறுவினமோ? ஆனா நாங்கள் அதுக்குள்ளதானே இருக்கிறம்."

"அப்ப கடவுள் இல்லை எண்டுறியோ?"

"அதை இந்தக் கண்ணில தேட ஏலாது. இதில இருக்கிறதைத்தான் சொல்லுறன்."

நீ உயிரியலே படி பிள்ளை, அதிபருக்கு நான் எழுதவில்லை என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, மறைக்கவில்லை. அவள் என் தோளில் கணவாய்க் கையால் தட்டினாள். சட்டை இன்னும் மணக்கிறது.

ஆகையால், மைத்துனரே, பிழை என்று தெரிந்த கட்டுரையை என் பெயரில் ஊருக்குக் கொடுக்க எனக்கு முகமில்லை. நிறுத்திவிடும். இதுவே என் முடிவு, இதில் மாற்றமில்லை. மச்சாளுக்கு என் அன்பு. உமது பேரப்பிள்ளைகள் நல்ல கண்ணோடும் நல்ல கேள்வியோடும் வளரப் பிள்ளையார் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
உமது தங்கையின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
பரமலிங்கம்

பி.கு.: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடித உறையை ஒட்ட முன்னர் பிரியவதனி வாசித்தாள். "பிழையெண்டு ஏன் ஒளிக்கிறியள்? ஒளிச்சால் ஆர் திருத்துறது?" என்கிறாள். எனவே கட்டுரையை அப்படியே போடும், ஓரத்தில் அவள் கேட்டவற்றைச் சிவப்பிலேயே போடும், இரண்டு பெயரையும் போடும். என் படத்தை முத்திரை அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தின் அடியில் வலப்பக்கமும், மூன்று அங்குலம் தள்ளி இடப்பக்கம் ஒரு கூட்டல் அடையாளமும் வையும். அவள் அளந்து பார்த்துவிட்டாள். இடக்கண்ணை மூடிக் கூட்டலைப் பார்த்தபடி மலரை மெல்லக் கிட்டக் கொண்டுவந்தால் நான் மறைந்துவிடுவேன். வாசிக்கிற சனம் பயந்துவிடும், ஆகவே கீழே ஒரு வரி சேர்த்துவிடும்: மற்றக் கண்ணையும் திறவுங்கள், ஆள் அங்கேதான் நிற்கிறார்.