சாம்பியன் சைக்கிளுக்கு எடுத்த எக்ஸ்ரே

எக்ஸ்ரேன்னு தலைப்பைப் பார்த்ததுமே உங்க மனசு எங்க ஓடுதுன்னு தெரியுது. யாருக்கோ கால் உடைஞ்சிருக்கும், புருஷன் கட்டு போட்டுக்கிட்டுப் படுத்திருப்பான், பெண்டாட்டி பக்கத்துல உக்காந்து கண்ணைக் கசக்குவா, கடைசியில ரெண்டு பேரும் ராசி ஆயிடுவாங்க. அதானே? மன்னிச்சிடுங்க. இந்தக் கதையில யாருக்கும் சுண்டு விரல் எலும்பு கூட உடையலை. எக்ஸ்ரே எடுத்தது ஒரு சைக்கிளுக்கு. அதுவும் மிருக ஆஸ்பத்திரியில. சைக்கிளும் உடையலை. உடைஞ்சது வேற ஒண்ணு. என்னன்னு கடைசியில நீங்களே சொல்லுங்க.

சைக்கிளோட சொந்தக்காரருக்குத் தெருவுல சாம்பியன்னு பேரு. எந்தப் பந்தயத்துலயும் ஜெயிச்சு வந்த பேரு இல்லை அது, உடுப்பைப் பார்த்து வச்ச பேரு. காலையில ஆறு மணிக்குத் தோலோட தோலா ஒட்டின மஞ்சள் பனியன், குடைமிளகாய் மாதிரி ஒரு ஹெல்மெட், வெயிலே வராத நேரத்துல கறுப்புக் கண்ணாடி. அந்தப் பனியனுக்குள்ள அவரோட வயிறு மட்டும் தனியா ஒரு வீரன் மாதிரி அரை அடி முன்னாடி போகும். ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொட்டச் சொட்ட நனைஞ்சு வருவார். கேட்டா, நாப்பது கிலோமீட்டர். தினமும் நாப்பது. ஒரு நாள் கூட முப்பத்தொம்பதுன்னு சொன்னதில்லை.

இப்போ ஒரு ரகசியம். உங்களோடயே இருக்கட்டும். சாம்பியன் போறது மூணு கிலோமீட்டர். அங்க ஒரு பேக்கரி இருக்கு. சைக்கிளைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தன் கண்ணுல படுற மாதிரி சாத்தி வச்சுட்டு, சூடா ஒரு காபி, க்ரீம் பன்னு ரெண்டு. மூணாவது கேட்பார், அந்தக் கடையில எப்பப் பார்த்தாலும் மூணாவது பன்னு தீந்துபோயிருக்கும். அது ஒண்ணுதான் அவரோட காலை நேரத்துல குறை. அப்புறம் திரும்பி வர்ற வழியில தெருமுனையில நின்னு, தண்ணி பாட்டிலை அப்படியே தலையில கவிழ்த்துக்குவார். நாப்பது கிலோமீட்டர் வேர்வை ரெடி.

வீட்டம்மா அப்படிப்பட்ட ஆள் இல்லை. கூரியர் ஆபீஸ்ல, காணாமப் போன பார்சலைத் தேடுற பிரிவுக்கு அவங்கதான் தலைவி. வண்டி ஓட்டுறவங்க அவங்க போன் வந்தாலே வண்டியை ஓரங்கட்டிட்டுத்தான் எடுப்பாங்க. மூணே கேள்விதான் கேட்பாங்க. எங்கேருந்து கிளம்புச்சு? நடுவுல எங்க நின்னுச்சு? கடைசியா யாரு பார்த்தாங்க? மூணாவது கேள்வி முடியறதுக்குள்ள பார்சல் கிடைச்சிடும்.

வீட்டுலயும் ஒரு சட்டம் வச்சிருந்தாங்க. ஒரு சாமான் முழுசா கெட்டுப்போனாத்தான் புதுசு. அவங்க வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குப் பதினேழு வயசு. மின்விசிறி சுத்தும்போது முனகும், ஆனா சுத்துது இல்ல, அப்போ இருக்கட்டும்.

இந்த நேரத்துலதான் சைக்கிள் கடை ஷோகேஸ்ல ஒரு புது கார்பன் பிரேம் வந்து நின்னுச்சு. கன்னங்கரேல்னு, ஒரு விரல்ல தூக்கலாம்போல. சாம்பியன் வேலைக்குப் போற வழியை மாத்திக்கிட்டு நாலு நாள் அதைப் பார்த்துட்டுப் போனார். அஞ்சாவது நாள் கடைக்காரர் பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னார். உங்க பழைய சைக்கிளும் கார்பன்தானே சார், அது இரும்பு மாதிரி வளையாது, விழுந்துச்சுன்னா உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டுடும், வெளியில ஒண்ணுமே தெரியாதுன்னு.

வெளியில தெரியாது. சாம்பியனுக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. வெளியில தெரியாத கோளாறுன்னா, இருக்குன்னு சொல்றவன் சொல்றதுதானே சட்டம்?

மறுநாள் காலையில நொண்டிக்கிட்டே வீட்டுக்குள்ள வந்தார். மலைப்பாதை வளைவுல விழுந்துட்டேன், சைக்கிள் பாறையில மோதி உள்ள 'டக்'னு சத்தம் கேட்டுச்சுன்னு ஒரே மூச்சுல ஒப்பிச்சார். வீட்டம்மா அவர் காலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"எந்தக் கால்ல அடி?"

"இது."

"உள்ள வரும்போது அந்தக் காலை இல்ல இழுத்தீங்க?"

"வலி மாறி மாறி வருது."

சரின்னுட்டாங்க. சாம்பியன் விடலை. ஒரு காசை எடுத்து பிரேம்ல தட்டிக் காட்டினார். இங்க கணீர்னு கேக்குது, இங்க மட்டும் மொத்துனு கேக்குது பாரு, அப்போ உள்ள விரிசல்தானே, இறக்கத்துல போகும்போது ரெண்டா உடைஞ்சா நான் என்ன ஆவேன்னு உருகினார். குரல் கொஞ்சம் தழுதழுத்துச்சு. அது நடிப்பு இல்லை, புது பிரேமை நினைச்சு வந்த தழுதழுப்பு.

வீட்டம்மா காசை வாங்கி அதே இடத்துல தட்டினாங்க. சுவத்துல தட்டினாங்க. அவர் ஹெல்மெட்ல தட்டினாங்க. எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குதுன்னாங்க.

"சத்தத்தை வச்சு எப்படி நம்புறது? உள்ள பார்த்துடலாம். தம்பிகிட்ட சொல்றேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்க கூட்டம் இருக்காது."

தம்பின்னா அவங்க கூடப் பொறந்த தம்பி. மிருக ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவர். பூனைக்கு வால் எலும்புலேருந்து குதிரைக்கு முழங்கால் வரைக்கும் எடுத்திருக்கார்.

"விரிசல் இருந்தா புதுசு வாங்கிக்கலாம். இல்லைன்னா இதையே ஓட்டுங்க. அப்புறம் பிரேம்னு வாயைத் திறக்கக்கூடாது." சொல்லிட்டு வீட்டம்மா முனகற மின்விசிறிக்குக் கீழே போய்ப் படுத்துட்டாங்க.

முதல்ல சாம்பியனுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. அப்புறம் தான் வேலை பார்க்கற மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்ச்சுக்கிட்டிருந்தப்போ மூளை சுறுசுறுப்பாச்சு. சின்ன வயசுல தன் கை எக்ஸ்ரேயில விரிசலைப் பார்த்திருக்கார். அது என்ன? ஒரு கோடு. ஒரு கோடுதானே வேணும்? கண்ணாடி பிரேம் பத்தவைக்கிற மேஜையில தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பிச் சுருள் கிடந்துச்சு. ஒரு விரல் நீளம் வெட்டினார். நேரா இருந்தா சந்தேகம் வரும்னு பல்லால கடிச்சுக் கோணல் மாணலா வளைச்சார். இருபது வருஷமா லென்ஸ் தேய்ச்ச கை, அன்னைக்குத்தான் கலைன்னா என்னன்னு காட்டுச்சு. சைக்கிளோட அடிக்குழாய்ல இருந்த ஸ்டிக்கரை மெதுவா உரிச்சு, கம்பியை வச்சு, மறுபடி ஒட்டிட்டார். தடவிப் பார்த்தா அவருக்கே தெரியலை.

ஞாயித்துக்கிழமை வர்ற வரைக்கும் அவர் தரையில நடக்கலை. கல்யாணத்துக்கு நாள் குறிச்ச மாதிரி இருந்தார். நொண்ட வேண்டியதைக்கூட மறந்துட்டார்.

ஆஸ்பத்திரியில மச்சான் முதல்ல ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். எதுவா இருந்தாலும் படிவம் இல்லாம மெஷின்ல ஏத்தக்கூடாதாம். சாம்பியன் மளமளன்னு எழுதினார். இனம்: சைக்கிள். வயசு: மூணு. எடை: எட்டு கிலோ. என்ன உபாதை: உள்காயம். கடைசியா சாப்பிட்டது எப்போங்கிற இடத்துல ஒரு கோடு போட்டார். கடிக்குமாங்கிறதுக்கு இல்லைன்னு எழுதினார்.

எழுதிட்டு நிமிர்ந்தார்.

எதிர் பெஞ்சில, மடியில ஒரு குண்டு நாயை வச்சுக்கிட்டு, பேக்கரிக்காரர். நாய் ஒரு பாட்டில் மூடியை முழுங்கிடுச்சாம். அவர் சாம்பியனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வாயைத் திறந்தார். சாம்பியன் கண்ணைச் சிமிட்டினார், உதட்டுல விரலை வச்சார், தலையை இடமும் வலமும் ஆட்டினார், எல்லாத்தையும் ஒரே நேரத்துல. நாய் பயந்து குரைச்சுது. பேக்கரிக்காரர் வாயை மூடிக்கிட்டார். நல்ல மனுஷன்.

பெரிய நாய்களைப் படுக்க வைக்கிற மேஜையில, சக்கரத்தைக் கழட்டிட்டு சைக்கிளைப் படுக்க வச்சார் மச்சான். ஆடாம இருக்க ரெண்டு பக்கமும் மணல் மூட்டை. பழக்க தோஷத்துல அதோட சீட்டை ஒரு தடவை தடவியும் கொடுத்தார். எல்லாரும் வெளியே போய், பட்டனை அழுத்தி, உள்ள வந்து திரையைப் பார்த்தாங்க.

சாம்பியன் அசந்துபோயிட்டார். மூணு வருஷமா தொட்டுத் துடைச்ச சைக்கிள், திரையில பனிமூட்டத்துல செஞ்ச மாதிரி நின்னுச்சு. குழாய்க்குள்ள போற ஒயர் கூடத் தெரிஞ்சுது. திருகாணி எல்லாம் நட்சத்திரம் மாதிரி பளிச்சுனு இருந்துச்சு. ஒரு நிமிஷம் அவருக்கு அந்தச் சைக்கிள் மேலயே பாசம் வந்துடுச்சு. ஒரு நிமிஷம்தான். அடிக்குழாய்ல கோணல் மாணலா ஒரு கோடு.

"பார்த்தியா? சொன்னேன்ல? விரிசல்." திரையைத் தொட்டே காட்டினார். "விரல் நீளத்துக்கு. நான் உயிரோட நிக்கறதே பெரிசு."

மச்சான் திரையை உத்துப் பார்த்தார். தலையைச் சொறிஞ்சார். பெரியவங்களைத் திருத்துறதுல அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.

"மாமா, விரிசல்னா உள்ள வெறும் காத்துதானே? கறுப்பா தெரியும். இது திருகாணி மாதிரியே வெள்ளையா இருக்கு. இது ஏதோ உலோகம் மாமா."

வீட்டம்மா மேஜைகிட்டப் போனாங்க. நகத்தால ஸ்டிக்கரோட ஓரத்தைக் கிளப்பினாங்க. கம்பி கையோட வந்துடுச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாங்க.

"பல்லு தடம் இருக்கு" அப்படின்னாங்க.

தொழிற்சாலையில கம்பியைக் கடிக்கிற ஆள் ஒருத்தன் இருந்திருப்பான்னு சாம்பியன் ஏதோ முனகினார். அப்பத்தான் தெய்வம் கண்ணைத் திறந்த மாதிரி மச்சான் இன்னொரு இடத்தைக் காட்டினார். சீட்டுக்குக் கீழே போற குழாய்க்குள்ள, நடுவுல, வட்டமா ஒண்ணு. சட்டை பட்டனை விடப் பெரிசு. உள்ள ஒரு குட்டி பேட்டரி, வலை மாதிரி கம்பிங்க.

சாம்பியன் துள்ளிக் குதிச்சார். கம்பி விஷயம் காத்துல போச்சு.

"இதோ! இதான் அந்த 'டக்' சத்தம். குழாய்க்குள்ள கண்டதையும் விட்டுத் தச்சிருக்கான். இது தயாரிப்புக் கோளாறு. இந்தப் பிரேம்ல இனிமே ஒரு மனுஷன் ஏறலாமா? எடு மச்சான் வெளிய. எல்லாரும் பார்க்கட்டும். ஏங்க, நீங்களும் வாங்க, சாட்சிக்கு." பேக்கரிக்காரரையே கூப்பிட்டுட்டார்னா பார்த்துக்குங்க, அவர் எந்த வேகத்துல இருந்தார்னு. பேக்கரிக்காரர் நாயைத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நின்னார்.

மச்சான் சீட்டைக் கழட்டி சைக்கிளைத் தலைகீழாக் கவிழ்த்தார். பஞ்சுல சுத்தின ஒரு வில்லை சாம்பியனோட உள்ளங்கையிலயே வந்து விழுந்துச்சு. பஞ்சைப் பிரிச்சார். வில்லை மேல நம்பர். நம்பருக்குக் கீழே கூரியர் ஆபீஸ் பேரு.

"அது என்னோடது" அப்படின்னாங்க வீட்டம்மா. குரல் ஏறவே இல்லை. "விலை ஒசத்தி பார்சல்ல போடுவோம். எங்க இருக்குன்னு போன்ல காட்டும். மலைக்குப் போறேன், மலைக்குப் போறேன்னு சொன்னீங்க. எங்கயாவது விழுந்து கிடந்தா நான் தேடி வரணுமில்ல? அதான் மூணு மாசம் முன்னாடி போட்டேன்."

மூணு மாசம். சாம்பியன் மனசுக்குள்ள பன்னை எண்ணிப் பார்த்தார். பாதியிலேயே விட்டுட்டார்.

வீட்டம்மா போனை எடுத்தாங்க. ஆபீஸ்ல கேக்கற அதே தினுசுல கேட்டாங்க.

"நீங்க விழுந்த அன்னைக்கு எங்கேருந்து கிளம்பினீங்க?"

"வீட்டுலேருந்து."

"நடுவுல எங்க நின்னீங்க?"

"நிக்கவே இல்லை. நேரா மலை."

"கடைசியா யாரு பார்த்தாங்க?"

கேட்டுக்கிட்டே போன்ல வரைபடத்தைக் காட்டினாங்க, அன்னைக்குப் புள்ளி பேக்கரி மேலயே நின்னிருந்துச்சு. இங்கதான் சாம்பியனுக்குப் பொறி தட்டுச்சு. போன்ல தெரியற புள்ளி என்ன, வெறும் புள்ளி. கார்பனுக்குள்ள மாட்டின மெஷின் தப்பாக் காட்டலாம். ஆனா மனுஷ சாட்சி? உயிருள்ள சாட்சி இதோ வாசல்ல நிக்குது, அதுவும் நம்ம பக்கத்து சாட்சி. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரும்பினார். வீட்டம்மாவுக்குத் தெரியாத பக்கத்துக் கண்ணை நல்லா அழுத்திச் சிமிட்டினார்.

"இவர் பேக்கரி வச்சிருக்கார். அந்தப் புள்ளி இவர் கடையைத்தானே காட்டுது? இவரையே கேப்போம். ஏங்க, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. என்னை உங்க கடையில பார்த்திருக்கீங்களா?"

"இல்லவே இல்லை" அப்படின்னார் பேக்கரிக்காரர், கணீர்னு. "சாரை இன்னைக்குத்தான் முதல் தடவையா பார்க்கறேன்."

சாம்பியன் வீட்டம்மாவைப் பார்த்தார். உலகக் கோப்பையைத் தூக்கினவன் கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

பேக்கரிக்காரரும் வீட்டம்மாவைப் பார்த்தார். அவங்க போனை அவர் பக்கமாத் திருப்பிப் பிடிச்சாங்க. அந்த மனுஷனுக்கு நெத்தியில வேர்த்துடுச்சு. நாயை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா, சார் கண்ணடிச்சதால சொல்லிட்டேன். மத்தபடி நீங்க கடைக்கு வந்து சொல்லிட்டுப் போன மாதிரியேதான்க்கா செய்யறேன். மூணாவது பன்னு கேட்டா, தட்டு நிறைய இருந்தாலும் தீந்துபோச்சுன்னுதான் சொல்றேன்."